கட்டடத்துக்கு முன் காகிதம்

ரியல் எஸ்டேட்டில் வேலை என்றாலே வீடு விற்பதுதான் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. விற்பனை அதில் ஒரு பகுதிதான். நிலம் தேடுவது, பத்திரம் சரிபார்ப்பது, திட்ட அனுமதி, வங்கிக் கடன், கட்டுமானம், சாவி ஒப்படைப்பு என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வேலை ஆண்டுக்கணக்கில் நீளும். சிவில் படித்தவர்கள் சைட்டுக்கும், பி.காம். படித்தவர்கள் கணக்குப் பிரிவுக்கும், சட்டம் படித்தவர்கள் பத்திரப் பிரிவுக்கும், எம்.பி.ஏ.க்கள் விற்பனைக்கும் போகிறார்கள். எங்கே சேர்ந்தாலும் சென்னையில் இந்தத் தொழிலின் உயிர் நிலத்தின் காகிதங்களில் இருக்கிறது. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்தான் இங்கே வளர்கிறார்.

தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்.எம்.பி. எனப்படும் நில அளவை வரைபடம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் பாடம். பத்திரத்தில் 40 சென்ட் இருக்கும். அளந்தால் 37 சென்ட்தான் தேறும். 3 சென்ட்தானே என்று விட முடியாது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, சுமார் 1,300 சதுர அடி நிலம் குறைகிறது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது, நிலப்பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம். அப்படியானால் 2,600 சதுர அடி கட்டடம், ஏறக்குறைய மூன்று சிறிய வீடுகள், கணக்கிலிருந்தே போய்விடுகின்றன. திட்டத்தின் லாபம் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் கரைகிறது.

அளவு சரியாக இருந்தாலும் கேள்விகள் முடிவதில்லை. அது பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா? நீர்நிலைப் புறம்போக்கு ஏதாவது உள்ளே வருகிறதா? 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. இங்குள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. “இந்த இடம் வேண்டாம் சார்” என்று ஆதாரத்தோடு சொல்லத் தெரிந்த இளைஞர், பத்து வீடு விற்றுக் கொடுப்பவரைவிட நிறுவனத்துக்கு வேண்டியவர் என்பேன்.

அடுத்து, சட்டம். ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை முழுதாக ஒரு முறையாவது படித்துவிட்டு வேலைக்குப் போங்கள். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அதை எடுக்கப் பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர், சி.ஏ. மூவரின் சான்றும் தேவை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டமைப்பில் குறை தெரியவந்தால் ஒப்படைத்து ஐந்து ஆண்டுகள் வரை கட்டியவரே பொறுப்பு. பதிவு தேவைப்படும் திட்டத்தைப் பதிவெண் இல்லாமல் விளம்பரம் செய்யவே முடியாது. “ப்ரீ-லான்ச்” என்று சொல்லி முன்பணம் வாங்கிவரச் சொன்னால், முதல் மாதமே ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

சைட் இன்ஜினியராகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அப்படி நேராமல் இருக்க, மண் பரிசோதனை அறிக்கையையும் கட்டமைப்பு வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். புரியாததை மேஸ்திரியிடமும் கேளுங்கள், வடிவமைத்தவரிடமும் கேளுங்கள். சந்தேகம் இருக்கும்போது கான்கிரீட் போட விடாதீர்கள்.

எங்கே சேர்வது? பெரிய நிறுவனத்தில் பெயரும் சம்பளமும் கிடைக்கும். ஆனால் ஒரே பிரிவில் ஆண்டுக்கணக்கில் கிடக்க நேரலாம். சார்பதிவாளர் அலுவலகம், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), சைட் என்று மூன்று இடத்துக்கும் அனுப்பிவைக்கும் நடுத்தர நிறுவனத்தையே முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். நேர்காணலுக்குப் போகும் முன் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் திட்டங்களைத் தேடிப் பாருங்கள். சொன்ன தேதிக்கு முடித்தார்களா, புகார்கள் மீது என்ன உத்தரவு வந்தது என்று பாருங்கள். சம்பளமே இல்லாமல் கமிஷன் மட்டும் தருவதாகச் சொன்னால், அங்கே தொழில் கற்றுத்தரும் எண்ணம் இல்லை என்றே கொள்ளலாம்.