தேவனா, கடவுளா? ஒரே இறைவனுக்கு ஏன் இத்தனை சொற்கள்?

தர்மபுரியில் ஒரு கத்தோலிக்கப் பெண்ணும் சி.எஸ்.ஐ. பையனும் கல்யாணம் பண்ணிக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். வீட்டில் இரண்டு பைபிள் இருக்கும். அவர் பைபிளில் ‘தேவன்’, இவர் பைபிளில் ‘கடவுள்’. அப்போ ரெண்டும் வேற வேறயா?

இல்லை. குறிப்பது ஒருவரைத்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவரை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறது.

பழைய சொற்கள்

17-ம் நூற்றாண்டில் இயேசு சபையினர் பரப்பிய சொல் ‘சர்வேசுரன்’. அனைத்தையும் ஆள்பவர் என்று பொருள். அடுத்த நூற்றாண்டில் லூத்தரன் மிஷனரி பெப்ரிசியஸ் தேர்ந்தது ‘பராபரன்’, அதாவது எல்லாவற்றுக்கும் மேலானவர். புராட்டஸ்டன்ட் சபைகள் சேர்ந்து கொண்டுவந்த 1871 மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ நிலைத்தது. தேவர்கள் பலரை அறிந்த தமிழில் இது ஒரே இறைவனைச் சரியாகக் காட்டுமா என்ற கேள்வியும் எழுந்தது.

ஒரே மேஜையில்

சேர்ந்து மொழிபெயர்ப்பதற்கான நெறிமுறைகளை 1968-ல் வத்திக்கானும் பைபிள் சங்கங்களும் வகுத்தன. தமிழில் இரு தரப்பு அறிஞர்களும் இணைந்து உழைக்க, 1995-ல் ‘திருவிவிலியம்’ வந்தது. அதில் ‘கடவுள்’. அனைத்தையும் கடந்தவர், அனைத்தின் உள்ளும் இருப்பவர் என்று மக்கள் விளக்கம் சொல்லும் சொல். 1997-ல் உருவான தர்மபுரி மறைமாவட்டத்திலும் இந்தப் பைபிள்தான். புராட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில் இன்றும் பழையதே.

அப்போ எது சரி?

ஆளுகை, உயர்வு, நெருக்கம் எல்லாம் ஒரே சொல்லில் அடங்காது. அதனால் அந்தத் தம்பதி ஒரு பைபிளை மூடி வைக்க வேண்டியதில்லை. ‘உங்க சொல் எதைக் காட்டுது?’ன்னு ஒருவரையொருவர் கேட்டாலே போதும்.