ஆடிப்பெருக்கில் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? திருச்சி ஃப்ரீலான்ஸ் போட்டோகிராஃபர்களின் வேலையும் சட்டமும்

மார்கழி மாதம், அதிகாலை 3 மணி. ஸ்ரீரங்கம் கோயிலில் பரமபத வாசல் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால், கேமராக்காரர்கள் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டார்கள். ரத்னாங்கியில் நம்பெருமாள் வாசலைக் கடக்கும் நேரம் கொஞ்சம்தான். அதை மிஸ் பண்ணினால் அடுத்த வைகுண்ட ஏகாதசிதான்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு வகை ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் மாதச் சம்பளக்காரர். கேமரா ஆபீஸுடையது. படம் சொதப்பினாலும் சம்பளம் வந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் ஃப்ரீலான்ஸர். கேமரா, லென்ஸ், பெட்ரோல், லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சர்வீஸ் செலவு... எல்லாமே சொந்தக் காசு. பாஸ் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில்தான் கிடைக்கும் என்பதால், ஏதாவது ஒரு பத்திரிகையிடம் கடிதம் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

"எந்த மண்டபம் தம்பி?"

திருச்சியில் 'நான் போட்டோகிராஃபர்' என்று சொன்னால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும். கல்யாண வேலையில் அட்வான்ஸ் உண்டு. எடிட்டோரியல் வேலை, அதாவது செய்திக்கும் கட்டுரைக்கும் படம் எடுப்பதில், அட்வான்ஸ் அபூர்வம். அதனால் பலர் முகூர்த்த நாளில் மண்டபம், மற்ற நாளில் செய்தி என்று ஓட்டுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அம்மா மண்டபம் படித்துறையில் ஆடிப்பெருக்கு, ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி என்று ஊரின் பெரிய காட்சிகள் நடப்பதும் அதே மாதங்களில்தான். கையில் காசு இல்லாத மாதத்தில்தான் சொந்தச் செலவில் அதிகம் சுற்ற வேண்டியிருக்கிறது.

160 வருஷத்துக்கு முன்பே இங்கே ஒரு 'அசைன்மென்ட்'

திருச்சிக்கு கேமரா ரொம்ப சீக்கிரமே வந்துவிட்டது. மதராஸ் அரசின் போட்டோகிராஃபராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ், மாட்டுவண்டிப் பயணக் காலம். அவர் ராணுவ அதிகாரி, அரசுச் சம்பளம். ஆனால், செலவு அதிகம் என்று அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அந்தத் திட்டத்தை அரசு மூடிவிட்டது. பட்ஜெட் கட் என்பது புதுசு இல்லை!

அடுத்து வந்தவர் எட்மண்ட் டேவிட் லயன். ஊட்டியில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தவர். 1867-68-ல் தென்னிந்தியக் கட்டடக் கலையைப் படமெடுக்கும் வேலையை அரசு அவரிடம் ஒப்படைத்தது. இன்றைய பாஷையில் ஃப்ரீலான்ஸர். 1987-ல் 236 அடியாக எழும்பிய ராஜகோபுரம் அப்போது பாதியில் நின்ற மொட்டைக் கோபுரம். அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிய இந்தப் பழைய படங்கள்தான் உதவுகின்றன.

சரி, படம் யாருக்குச் சொந்தம்?

பலரும் ஏமாறும் இடம் இது. 'எடுத்தவருக்குத்தானே சொந்தம்?' என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ஐப் பாருங்கள். ஒரு பத்திரிகை போன் செய்து, "ஆடிப்பெருக்குக்கு ஒரு நாள் எடுத்துக் கொடுங்க, இவ்வளவு தர்றோம்" என்று சொல்லி நீங்கள் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான். யாரும் சொல்லாமல் நீங்களாகவே போய் எடுத்து, பிறகு வெளியிடக் கொடுத்தால் உரிமை உங்களுடையது. அதே படித்துறை, அதே ஃபிரேம். ஆனால் முதல் வகையில், நாளைக்கு அந்தப் படம் ஒரு காலண்டரில் வந்தால்கூட உங்களுக்குப் பைசா வராமல் போகலாம்.

தடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. "பதிப்புரிமை என்னிடமே இருக்கும், உங்களுக்கு ஒருமுறை வெளியிடும் உரிமை" என்று வேலைக்கு முன்பே மெயிலில் எழுதி, 'ஓகே' வாங்கிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் தம்ஸ்அப் மட்டும் போட்டுவிட்டு பைக்கை எடுப்பதால்தான் பிரச்னையே.

உரிமை உங்களிடம் இருந்து, அதை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களா? பிரிவு 19-ன்படி கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உரிமையைக் கொடுத்த பிறகும், 'இதை எடுத்தது நான்' என்று கோரும் உரிமை பிரிவு 57-ன்படி உங்களுக்கு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்தின் பதிப்புரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். இன்று எடுக்கும் படம் பேரன் பேத்தி காலம் வரை சொத்து.

பணம் எப்போ வரும்?

படம் வந்த மறுநாளே ஸ்டேட்டஸ் வைத்துவிடலாம். பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்திருந்தால் ஒரு பிடி கிடைக்கும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை ஆன்லைனிலேயே கொடுக்கலாம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த அளவு ஊரில் வேலை கொடுக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புகார் கொடுத்தால் அடுத்த போன் வராது என்ற பயம் நிஜமானது. அதனாலேயே இன்வாய்ஸில் உத்யம் எண்ணையும் 45 நாள் வரியையும் முதல் நாளே அச்சடித்துக் கொடுப்பது நல்லது. அது சண்டை மாதிரி தெரியாது.

எல்லார் கையிலும் கேமரா

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. இந்த மாதிரிச் செய்திகளில் முதல் படம் இப்போதெல்லாம் யாராவது ஒருவரின் செல்போனில் இருந்துதான் வருகிறது. அந்த ஓட்டத்தில் ஃப்ரீலான்ஸர் ஜெயிக்க முடியாது. அவருக்கான இடம் மறுநாளும், அடுத்த மாதமும் அதே இடத்துக்குத் திரும்பிப் போவதில் இருக்கிறது. புலி-மனித மோதலை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஃப்ரீலான்ஸர் செந்தில் குமரனின் தொடர், 2022 வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் அங்கீகாரம் பெற்றது அப்படித்தான்.

ஏகாதசி அன்று காலை 6 மணி. ராஜகோபுரம் பக்கத்து டீக்கடை பெஞ்சில் லேப்டாப். நூற்றுக்கணக்கான படங்களில் இருந்து ஐந்தைப் பிரித்து, ஃபைலுக்குள்ளேயே பெயரும் தேதியும் கேப்ஷனும் சேர்த்து, போன் ஹாட்ஸ்பாட்டில் அனுப்புகிறார். கூட்டத்தில் நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது படத்தில் 82 சதவீதத்தில் நிற்கிறது. டீ ஆறிவிட்டது.