அடுக்களைப் புகைக்குச் சுவர் கிடையாது

வீட்டுக்கு வரும் ஒரு கேஸ் சிலிண்டருக்குள் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. அதே சமையலை மூன்று கல் வைத்த விறகு அடுப்பில் செய்ய எவ்வளவு விறகு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 15 மெகாஜூல் வெப்பம் உண்டு. கல் அடுப்பில் எரித்தால் அதில் எட்டில் ஒரு பங்குதான் பானைக்குப் போய்ச் சேரும், மற்றதெல்லாம் வீண். எரிவாயுவில் கிலோவுக்கு 46 மெகாஜூல். அதில் பாதிக்கு மேல் பானைக்குக் கிடைக்கும். பெருக்கி வகுத்தால் ஒரு சிலிண்டர் சுமார் 190 கிலோ விறகுக்குச் சமம். தலைச்சுமை ஒன்று 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஏழெட்டுச் சுமை.

களக்காடு, திருக்குறுங்குடி, சிங்கம்பட்டி, விக்கிரமசிங்கபுரம் என மலையடிவாரத்தில் வரிசையாக இருக்கும் ஊர்களில் அந்தச் சுமையைச் சும்மாடு வைத்துச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தாமிரபரணியும் அதன் துணையாறுகளும் பிறக்கும் காடு அது. 1962-இல் அறிவிக்கப்பட்ட முண்டந்துறைப் புலிகள் சரணாலயமும், சிங்கவால் குரங்குக்காக 1976-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு சரணாலயமும் 1988-இல் ஒன்றாகித் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. காட்டுக்குள் விறகுக்குப் போகத் தடை வந்தது. ஆனால் வீட்டில் உலை வைக்காமல் இருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதிலாக 1990-களின் நடுவில் ஒரு முயற்சி தொடங்கியது. உலக வங்கிக் கடனுதவியுடன் நாட்டில் இரண்டே இடங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் முன்னோடியாக நடத்தப்பட்டது. ஒன்று இமாசலத்தின் பெரிய இமாலயத் தேசியப் பூங்கா, மற்றது நம் களக்காடு–முண்டந்துறை. காட்டோர ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. காட்டு விறகுக்குப் பதிலாக சாண எரிவாயுக் கலன், புகையில்லா அடுப்பு, குக்கர், கேஸ் இணைப்பு ஆகியவை வந்தன. விறகு விற்றுப் பிழைத்தவர்கள் வேறு தொழில் பார்க்கச் சிறு கடன் தரப்பட்டது. அந்தக் கடன் திரும்பி வந்தபோது அரசுக் கணக்குக்குப் போகவில்லை. ஊர்க் குழுவின் கையிலேயே நின்று அடுத்தவருக்குக் கடனாகப் போனது. அப்போது காப்பகத்தின் கள இயக்குநராக இருந்த வி. கே. மெல்கானி இந்த அனுபவத்தை 2001-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதியிருக்கிறார்.

திட்டத்தின் நோக்கம் காடு. அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நெஞ்சு அதன் இலக்கில் இல்லை. ஆனாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்தத் திட்டம் தனித்தனி வீட்டோடு பேசவில்லை, ஊரோடு பேசியது. இது ஏன் முக்கியம் என்று தெரிய, புகைக்குள் கொஞ்சம் நுழைந்து பார்க்க வேண்டும்.

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறியதும் கட்டையிலிருந்து வாயுக்கள் வெளியேறுகின்றன. அவைதான் தீப்பிடித்துச் சுடராகின்றன. போதிய காற்றும் போதிய சூடும் இருந்தால் அவை முழுவதும் எரிந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விடும். கல் அடுப்பில் இந்த இரண்டுமே போதாது. பானையின் குளிர்ந்த அடிப்பாகம் சுடரை மட்டுப்படுத்துகிறது, ஈர விறகு சூட்டைத் தின்கிறது. பாதி வெந்த வாயுக்கள் புகையாக எழும்புகின்றன. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கூடவே, 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் இருக்கின்றன. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் பெரிய தூசியைத் தடுத்துவிடும், இவற்றைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இவை போய்ச் சேரும். தீ மங்கும்போதுதான் புகை அதிகம். அந்த நேரத்தில்தான் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு முகத்தை அடுப்பின் அருகே கொண்டுபோகிறோம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, கண்புரை, மாரடைப்பு, குழந்தைகளுக்கு நிமோனியா என்று இந்தப் புகையோடு தொடர்புபடுத்தப்படும் நோய்களின் பட்டியல் நீளம். 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் வீட்டுப் புகையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை முறையாக அளந்தவர்களில் முதன்மையானவர் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். அவரும் குழுவினரும் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகோ சாண வறட்டியோ எரியும் வீட்டில், சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்துகள் இருந்தது. நாள் முழுவதற்கும் சராசரி எடுத்தால், சமைப்பவர் சுவாசித்தது 231 மைக்ரோகிராம். அதே வீட்டில் சமைக்காதவர் சுவாசித்தது 90. கேஸ் போன்ற சுத்தமான எரிபொருள் வீட்டுக்காரர்கள் சுவாசித்தது 82.

என்னைப் பொறுத்தவரை அந்தக் கடைசி எண்தான் எல்லாவற்றையும் விட முக்கியமானது. தன் வீட்டில் விறகே எரிக்காதவருக்கு ஏன் 82? வாகனப் புகையும் தெருப் புழுதியும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டு அடுப்பை எப்படி மறக்க முடியும்? மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் முக்கூடலிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டின் புறவாசல் புகை பக்கத்து வீட்டின் சன்னல் வழியே உள்ளே வரும். இந்த ஊர்களில் பல வீடுகளில் பெண்கள் பகலெல்லாம் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். புகையிலைத் தூள் ஏற்கெனவே காற்றில் கலந்திருக்கும் அறை அது. அதோடு தெருப் புகையும் சேர்கிறது. அந்தப் பெண் தன் வீட்டுக்குக் கேஸ் வாங்கிவிட்டாலும் அவள் மூச்சு முழுதாகத் தப்புவதில்லை.

வீட்டு அடுப்பை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மையில் ஒரு பெரிய சோதனையும் நடந்தது. ‘ஹேப்பின்’ என்று அழைக்கப்படும் அந்த ஆய்வு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டது. இந்தியப் பகுதி முழுவதும் தமிழ்நாட்டில்: விழுப்புரம், நாகப்பட்டினம். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச எரிவாயுவும் கிடைத்தன. கேஸ் பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராமாக இறங்கியது; விறகிலேயே இருந்தவர்களுக்கு 71. மகத்தான இறக்கம். ஆனால் 2022-இல் வந்த முடிவில், இரு தரப்புக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை முறையே 2,921 கிராம், 2,898 கிராம். வேறுபாடு என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

கேஸுக்காக வாதாடுகிறவர்கள் இந்த முடிவை ஒளித்து வைக்கக் கூடாது. விளக்கங்கள் பல உண்டு. கருவுற்றுச் சில மாதம் கழிந்த பிறகே அடுப்பு வந்தது. தாயின் ஊட்டம், ரத்தசோகை போன்றவை எடையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாளொன்றின் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. இலவச கேஸ் கையில் இருந்தும் 24-க்குக் கீழே வர முடியவில்லை. ஒரு வீட்டின் அடுப்பை மாற்றினால் ஒரு வீட்டின் புகை போகும். ஊர்ப் புகை அப்படியே நிற்கும். குலுக்கலில் தேர்ந்த வீடுகளுக்கு மட்டும் அடுப்பு கொடுப்பது ஆய்வுக்கு அவசியம். அரசுத் திட்டத்துக்கு அந்த அவசியம் இல்லை. ஆனாலும் நம் திட்டங்கள் எல்லாம் ரேஷன் அட்டை எண்ணைப் பார்த்துத்தான் போகின்றன, தெருவைப் பார்த்துப் போவதில்லை.

திட்டங்களுக்குக் குறைவில்லை. 2006-இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு ஏழைகளுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுத்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. 2019–21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 83 விழுக்காடு வீடுகளில் சுத்தமான எரிபொருள். நாட்டுச் சராசரி 59-ஐ எட்டவில்லை. நல்ல செய்திதான். ஆனால் கேஸ் வைத்திருப்பதும் கேஸிலேயே சமைப்பதும் ஒன்றல்ல. உஜ்வலா வீடுகள் நாடெங்கும் சராசரியாக 2019-20-இல் ஆண்டுக்கு மூன்று சிலிண்டரும், 2023-24-இல் நான்குக்குச் சற்றுக் குறைவாகவும்தான் வாங்கின. ஒரு குடும்பத்தின் முழுச் சமையலுக்கு அதைப்போல இரு மடங்கு வேண்டும். மிச்சம் விறகில்தான் நடக்கிறது. காப்பிக்கும் தாளிப்புக்கும் கேஸ். சோறு வடிப்பதும் வெந்நீர் போடுவதும் புறவாசலில். வெந்நீருக்கு எதுக்கு கேஸை வீணாக்கணும் என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் காதில் விழும் பேச்சு. பனை மட்டையும் தென்னை மட்டையும் சிரட்டையும் உடை முள்ளும் காசில்லாமல் கிடைக்கும்போது, தினக்கூலிக் குடும்பம் வேறென்ன யோசிக்கும்?

ஆகவே சிக்கல் அடுப்பில் இல்லை, அடுத்த சிலிண்டரில் இருக்கிறது. மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத வாரத்தில் விறகு திரும்பி வந்துவிடும். இங்கேதான் காட்டோர ஊர்களில் கடன் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போன அந்தச் சுழல்நிதியை நினைக்க வேண்டியிருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழு இல்லாத ஊர் இன்று நம் பக்கத்தில் அரிது. சிலிண்டருக்கென்று தனியாக ஒரு சிறு நிதியைக் குழு வைத்துக்கொண்டால், சிலிண்டர் தீர்ந்த அன்றே வாங்கி வாராவாரம் அடைக்கலாம். ஐந்து கிலோ சிறு சிலிண்டரும் இருக்கிறது. தெருவில் பத்து வீட்டில் எட்டு வீடு ஒரே நேரத்தில் விறகை விட்டால்தான் அந்த எட்டு வீட்டுக்கும் முழுப் பலன் கிடைக்கும். அதனால் இந்த நிதி சிக்கனத்துக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் ஆனது.

சாண எரிவாயுவைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்கு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு வேண்டும். அதற்கு 25 கிலோ சாணம். குறைந்தது இரண்டு மூன்று மாடு. நிலமற்ற வீட்டில் அது நடக்காது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டம் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தது. அதற்காக 2006-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது பெற்றது. சமையலறைக் கழிவில் இயங்கும் ‘சக்தி சுரபி’ கலனும் அவர்களுடையது. சோறும் வடிகஞ்சியும் சாணத்தை விட எடைக்கு எடை பல மடங்கு வாயு தரும், ஏனென்றால் மாட்டின் வயிறு தீவனத்திலிருந்து எடுக்க வேண்டியதை ஏற்கெனவே எடுத்துவிட்டது. தனி ஏழை வீட்டில் அவ்வளவு மிச்சம் விழாது. சத்துணவுக்கூடம், விடுதி, திருமண மண்டபம் போன்ற இடங்களுக்கு இது பொருந்தும்.

மின்சார அடுப்பு? தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். முழுச் சமையலையும் இண்டக்‌ஷன் அடுப்பில் செய்தால் இரு மாதத்துக்கு 150 யூனிட்டுக்கு மேல் ஆகும். விசிறியும் விளக்கும் அந்த நூறில் பெரும்பகுதியை முன்பே எடுத்துக்கொண்டிருக்கும். யூனிட் கூடக் கூடக் கட்டணமும் படிப்படியாக ஏறும். 2011-இல் அறிவித்த சூரிய ஒளி பசுமை வீடுகள் 300 சதுர அடியில் ஐந்து சூரிய விளக்குகளோடு கட்டப்பட்டன; வெளிச்சம் வந்தது, அடுப்புக்கு ஒன்றும் வரவில்லை. இப்போதைய கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. சமைக்கும் மூலைக்கு எதிரெதிராக இரண்டு திறப்பும் கூரையோரம் ஒரு புகைவழியும் வரைபடத்திலேயே கட்டாயமானால் செலவு சொற்பம்.

மின்சாரத்துக்கு வழியில்லாத நாடு அல்ல இது. 1944 முதல் பாபநாசத்தில் நீர்மின்சாரம். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகள். அவற்றில் ஊருக்குச் சொந்தமாக ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி விடை சொல்லியிருக்கிறது. ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-இல் அந்த ஊராட்சி சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. பெரும்பகுதி வங்கிக் கடன், மீதி ஊராட்சியின் சேமிப்பு. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனையும் அடைத்தது. அத்தனை காற்றும் வீசும் நம் தெற்குப் பகுதி ஊராட்சிகள் சில சேர்ந்து இதைச் செய்யலாம். வருமானத்தை அந்தந்தத் தெருவின் சிலிண்டர் நிதிக்குத் திருப்பலாம். சட்டச் சிக்கலும் கடன் சிக்கலும் இருக்கும், ஓடந்துறைக்கும் இருந்திருக்கும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது அளவீடு. லேசர் ஒளியில் துகளை எண்ணும் சிறு கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. துல்லியத்தில் ஆய்வகக் கருவிக்கு ஈடாகாது. ஆனால் ஒரு தெருவின் காலையையும் மாலையையும் ஒப்பிட, அடுப்பு மாறும் முன்னும் பின்னும் பார்க்க, போதும். அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரும் மாணவர்களும் இதைச் செய்ய முடியும். மார்கழியில் தொடங்குவது நல்லது. அந்த மாதத்து விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்து கனத்துப் புகையை மேலே விடாமல் அமுக்கி வைத்திருக்கும். வெந்நீர் அடுப்பும் அப்போதுதான் தெரு முழுக்க எரியும்.