ஆர்கனின் ஓசை கடைசி வரிசை வரைக்கும்

திருவிழா நாளில் ஆலயம் நிரம்பி, மக்கள் பந்தலிலும் கெபியின் ஓரத்திலும் நிற்பார்கள். உள்ளே ஆர்கன் பாட்டை எடுத்துக்கொடுக்கும். வெளியே இருப்பவர்களுக்கு அது கேட்காது, எனவே அவர்கள் பாடுவதும் இல்லை. "ஸ்பீக்கர் ஒயரைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் போதுமே" என்று யாராவது சொல்வார். நீட்டலாம்தான். ஆனால் அந்த ஒயருக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு நீட்ட வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆலயங்களில் ஆர்மோனியமும் கீபோர்டும்தான் நமக்குப் பழக்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 120-ஆம் எண் குழல் ஆர்கனுக்குத் தனி மதிப்பு தருகிறது. தகுதியான பிற கருவிகளையும் அனுமதிக்கிறது. குழல் ஆர்கன் வாங்க வசதியில்லாத ஆலயங்கள் பலவற்றுக்கு மின் ஆர்கன் கைகொடுத்தது. சிகாகோவில் லாரன்ஸ் ஹாமண்ட் 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்கன் அவற்றில் பேர்போனது. அதனுள் சுழலும் பல்சக்கரங்கள்தான் ஓசையை உண்டாக்குகின்றன.

அந்தப் பழைய ஹாமண்டில் ஸ்பீக்கர் தனிப் பெட்டியில் இருக்கும். ஆம்பிளிஃபயரும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஆகவே ஆர்கனையும் பெட்டியையும் இணைக்கும் தடித்த கேபிளை வெறும் ஸ்பீக்கர் ஒயர் என்று எண்ணிவிடாதீர்கள். ஓசையைக் கொண்டுபோகும் மெல்லிய சிக்னலோடு, வீட்டுக்கு வரும் கரண்டும் அதில் போகிறது. சில பழைய மாடல்களில் ஏறத்தாழ 300 வோல்ட் நேர்மின்சாரமும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டன்சர்கள் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். இதை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி நீட்டுவது உயிரோடு விளையாடுவது. அதே எண்ணிக்கையில் கம்பிகள் கொண்ட, அந்த வோல்டேஜைத் தாங்கும் முழுக் கேபிளாகத்தான் போட வேண்டும். சிக்னல் கம்பிகளுக்கு மேலுறை வலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'உம்' என்ற இரைச்சல் கூடவே வரும். கரண்ட் வரும் முனையில் சாக்கெட்டும் வாங்கும் முனையில் பிளக்கும் இருக்கட்டும். மாற்றிப் போட்டால் கரண்ட் பாயும் ஊசிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலிபீடச் சிறுவர்கள் ஓடியாடும் இடம் அது.

(வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வரும் ஆர்கனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்டேஜைச் சரிசெய்தாலும் சுருதி கீழே இறங்கியே இருக்கும்.)

ஆம்பிளிஃபயர் ஆர்கனுக்குள்ளேயே இருந்தாலோ, நம் கீபோர்டைப்போலத் தனியாகப் பக்கத்தில் இருந்தாலோ, அதிலிருந்து போவது உண்மையான ஸ்பீக்கர் ஒயர். அங்கே ஆபத்து குறைவு, இழப்பு அதிகம். ஸ்பீக்கர் 30 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 60 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது ஏறக்குறைய 1 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பும் சக்தியில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிப் போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு இருபதில் ஒரு பங்குதான். மெல்லிய பெல் ஒயரை இழுத்துவிட்டு, சத்தம் வரவில்லையே என்று ஆம்பிளிஃபயரைத் திருகுவதில் பயனில்லை.

கெபி வரைக்கும் 100, 200 மீட்டர் போக வேண்டுமா? மைக்செட்காரர்கள் அறிந்த வழி 100 வோல்ட் லைன். ஹார்னோடு ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் சேர்த்தால், 20 வாட் ஹார்னுக்கு 0.2 ஆம்பியர் போதும். மெல்லிய ஒயரிலும் இழப்பு மிகக் குறைவு. ஆனால் அந்த ஒயரையும் வெறுங்கையால் தொடக்கூடாது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இடி இறங்கும் மாதங்களில், மரத்துக்கு மரம் கட்டிய ஒயரை மழைக்கு முன்பே ஆம்பிளிஃபயரிலிருந்து கழற்றிவிடுவது நல்லது.

இனி பாடகர் குழுவுக்கு ஒரு வார்த்தை. ஒயரில் சிக்னல் நொடியில் போய்விடும். காற்றில் ஓசை நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். 100 மீட்டர் தள்ளி நிற்பவர்கள் அருகிலிருக்கும் ஹார்னோடு சேர்ந்து சரியாகவே பாடுவார்கள். ஆனால் அவர்கள் குரல் பீடத்தை எட்டும்போது ஏறக்குறைய 0.3 நொடி பிந்தியிருக்கும். ஆர்கன் வாசிப்பவர் அதைக் கேட்டு, மக்கள் தாமதிக்கிறார்கள் என்று தாமும் வேகத்தைக் குறைப்பார். பாட்டு வரிக்கு வரி இழுபடும். அவர் பக்கத்தில் ஒரு சிறு ஸ்பீக்கரை வைத்து, பாடகர் குழுவையும் ஆர்கனையும் மட்டும் அதில் கேட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.