மண்ணின் மறுப்பு – 7: மதிலைக் காக்க நின்றவர்கள்

1751-இல் ரஞ்சன்குடிக் கோட்டையடியில் ஆங்கிலப் படை பட்ட அவமானத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். பதினான்கு ஆண்டு கழித்து நிலைமை தலைகீழ். ஆற்காட்டு நவாபு முகமது அலி, கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களை ஊரைவிட்டே விரட்டினார். 1801-இல் கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட நவாபின் சீமை மொத்தமும் கும்பினி வசம் போயிற்று. பாளையக்காரர்களுக்கு மிஞ்சியது ஜமீன் பட்டம்தான். இனி இந்தச் சீமையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று வெள்ளைக்காரத் துரைமார் நினைத்திருக்கலாம். திறந்தார்கள். பட்டமோ படையோ இல்லாத ஊர் ஜனங்கள் திறந்தார்கள், அதுவும் ஒரு மதிலுக்காக.

கதை தண்ணீரில் தொடங்குகிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. ஆண்டுக்கு ஆண்டு வெள்ளம் பள்ளத்தையே தேடிப் போக, காவிரி மணல் தட்டிக்கொண்டே வந்தது. தஞ்சாவூர் வயல் காய்ந்தால் கும்பினிக்குக் கிஸ்தி வராது. அக்கறைக்குக் காரணம் அதுதான். ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டித் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பினார். அப்படித் திருப்பினால் கொள்ளிடத்தை நம்பியிருக்கும் கீழ்ப்பகுதி என்னாவது? அதற்காகச் சுமார் 70 மைல் கீழே அணைக்கரையில் அதே ஆண்டு இன்னொரு அணை கட்டினார்கள். அதுதான் கீழணை.

அணைக்குக் கல் வேண்டும். கொள்ளிடக் கரையில் தோண்டினால் வருவது மணலும் வண்டலும். ஆனால் பக்கத்திலேயே செதுக்கி அடுக்கிய கருங்கல் மலைபோல நின்றது. கங்கைகொண்ட சோழபுரம்! முதலாம் ராஜேந்திரன் தலைநகருக்காக எழுப்பிய கோயில். சுற்றிலும் மதில், மதிலின் உட்புறம் திருச்சுற்று மாளிகை, கிழக்கே கோபுரம். மதிலை ஏறக்குறைய முழுதும் பிரித்தார்கள். சிற்ப வேலை செய்த கற்களும் வண்டி ஏறின. இன்று கிழக்கு வாசலில் போய் நின்றால் கோபுரத்தின் அடிப்பகுதிதான் இருக்கிறது. ராஜேந்திரனின் விமானம் வேலி இழந்த வயலைப்போலத் தனித்து நிற்கிறது.

சிவன் சொத்து குலநாசம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஜனங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? 1855-இல் வெளியான ஒரு நூலில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது. ஏழை ஜனங்கள் தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்களாம். பலிக்கவில்லை. சர்க்காரை அவமதித்ததாகத் தண்டனை வாங்கியதுதான் மிச்சம். அந்தக் கோயில்மீது எந்த உரிமையும் காட்ட முடியாத சர்க்காரின் ஆட்கள் செய்த காரியம் இது என்றும் அதே நூல் சொல்கிறது. இடித்த கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்களாம், அதுவும் நடக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. கோயில்களையும் சத்திரங்களையும் அவற்றின் மானியங்களையும் கவனிக்கும் பொறுப்பை ரெவின்யூ போர்டிடம் கொடுத்து, 1817-இல் சென்னை சர்க்காரே ஏழாவது ரெகுலேஷனைப் போட்டிருந்தது. காவலுக்கு வந்தவரே கல்லைப் பெயர்த்தார். தட்டிக் கேட்டவன் குற்றவாளி ஆனான்.

கீழணையால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அங்கிருந்து வடவாறு வழியாகப் போகும் தண்ணீர்தான் வீராணம் ஏரியை நிரப்புகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் விளைகிறது. 2004 முதல் சென்னைக்காரர்களும் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிறார்கள். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று காட்டனே ஒப்புக்கொண்டவர். சோழநாட்டு வித்தை ஓரிடத்தில், சோழன் கோயில் கல் இன்னோரிடத்தில். இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள், இந்த மண்ணின் ஜனங்களைக் கேட்காமல். என் வழக்கு அணையோடு இல்லை, அந்தக் கேட்காமையோடுதான்.

தண்டனை பெற்றவர்களின் பெயர்களை அந்த நூல் சொல்லவில்லை. 1857-க்கு 21 ஆண்டு முன்பு, காங்கிரஸ் பிறப்பதற்கு 49 ஆண்டு முன்பு, கையில் கொடியும் பின்னால் கட்சியும் இல்லாமல் சர்க்காரை மறித்தவர்கள் அவர்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் விடுதலைப் போராட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் 1836-ஐ விட்டுவிட்டு எழுதினால் அது முழு வரலாறு ஆகாது.

(தொடரும்)