தாயின் மணிக்கட்டு நோவு

குழந்தை பிறந்த வீட்டிலே எல்லாருடைய கண்ணும் குழந்தைமீதே பதிந்திருக்கும். அதன் பசி, அதன் நித்திரை, அதன் நிறை என்பனவே வீட்டாரின் பேச்சாகும். தாயின் மணிக்கட்டிலே, பெருவிரலின் அடியில், ஒரு நோவு தொடங்கினால் அதனை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. “பிரசவ வாதம், எண்ணெய் பூசினால் மாறிவிடும்” என்று முதியவர்கள் கூறுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாளடைவிலே, தூக்கும்போது குழந்தை கைநழுவி விடுமோ என்று அவள் அஞ்சவேண்டியதாகிறது. இவ்வச்சம் அற்பமானதன்று.

இந்நோயை 1895ஆம் ஆண்டில் விவரித்து எழுதியவர் சுவிற்சர்லாந்து தேசத்துச் சத்திர வைத்தியர் பிறிற்ஸ் டி கெர்வேன். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான வெண்ணிற நாணைத் தசைநாண் என்கிறோம். பெருவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்திலே ஒடுங்கிய உறையொன்றினூடாகச் செல்கின்றன. அவ்வுறை தடிக்கும்போது, ஊசிக்கண்ணில் இறுகிய நூல்போல, அவை இலகுவாக ஓடமாட்டா. அசையுந்தோறும் நோவு பிறக்கிறது.

நெடுங்காலம் இதனை அழற்சி என்றே வைத்தியர்கள் கருதினர். நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோதோ, அழற்சியின் அடையாளங்கள் சொற்பமாகவும், இழையம் தடித்துச் சிதைவுற்ற அடையாளங்கள் மிகுதியாகவும் காணப்பட்டன. ஆகவே, வலிந்து உருவிப் பிசைவதும் விரலை இழுத்துச் சொடுக்குவதும் இதற்குப் பரிகாரமாகா, நோவை மிகுவிக்கவுங்கூடும்.

பெருவிரலை உள்ளங்கையில் மடக்கி, ஏனைய விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சிறுவிரற் பக்கமாக மெல்லச் சாய்த்தால், நோயுள்ள கையில் பெருவிரலின் அடியிலே கடும் நோவு தோன்றும். ஆயினும், நோய் இதுதான் என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.

குழந்தையின் அக்குள்களிலே கைகொடுத்து, பெருவிரல்களை அகல விரித்துத் தூக்குவதே பெரும்பாலும் இந்நோவை வளர்க்கிறது. பெருவிரலைச் சுட்டுவிரலோடு சேர்த்து வைத்து, உள்ளங்கை மேனோக்க, முன்கையாற் குழந்தையைத் தாங்கித் தூக்குதல் நன்று. சீலை முறுக்கிப் பிழிதல், திருவலையில் தேங்காய் திருவுதல், கைத்தொலைபேசியில் பெருவிரலால் ஓயாது எழுதுதல் ஆகியவற்றையும் சில வாரங்கள் குறைத்தல் வேண்டும்.

பெருவிரலையும் மணிக்கட்டையும் அசையாது தாங்கும் கட்டு பலருக்குச் சுகமளிக்கும். அதனாலும் தணியாவிடில், உறைக்குள் இடும் ஸ்ரெரோயிட் ஊசி மருந்து பெரும்பாலோர்க்குப் பயன் தருகிறது. நீரிழிவுள்ளவர்களுக்கு அம்மருந்தாற் சில நாட்கள் இரத்தத்திலே சீனி உயரலாமாதலால், அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். எதற்கும் இணங்காத நோவுக்கு, அவ்விடத்தை விறைக்கச் செய்து உறையைத் திறந்துவிடும் சிறு சத்திர சிகிச்சை உண்டு. பாலூட்டும் தாய்மார் வைத்தியரைக் கேளாது நோவுக் குளிசைகளை விழுங்கலாகாது. மணிக்கட்டுச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

எல்லா மருந்துக்கும் முந்தியது கைக்கு ஓய்வு. கணவர் துணியைப் பிழிந்து, மாமியார் தேங்காயைத் திருவினாலன்றி அவ்வோய்வு அவளுக்கு எங்ஙனம் வாய்க்கும்? குழந்தையை நிறுக்கக் கொண்டுசெல்லும் நாளிலே, தாய் தன் கையையும் மருத்துவ மாதிடம் காட்டட்டும். அவளாகச் சொல்லத் தயங்கினால், உடன் செல்பவர் சொல்லுதல் கடமையாகும்.