ஜே.பி. சந்திரபாபுவின் இசைத்தட்டுகள்: மூலமும் மறுவெளியீடும்

சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காண்பதற்குத் தமிழாய்வில் உறுதியான மரபு உண்டு. திரைப்பாடலுக்கு அத்தகைய மரபு இன்னும் உருவாகவில்லை. பாட்டுப் புத்தகத்தில் அச்சான வரிகளையே பனுவலாகக் கொண்டு ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. பெரும்பாலான பாடகர்களைப் பொறுத்தவரை இதனால் பெரிய இழப்பு நேர்வதில்லை. ஜே.பி. சந்திரபாபுவைப் (1927–1974) பொறுத்தவரை பாடலின் பாதி அச்சில் விடுபட்டுப் போகிறது. அவரை ஆராய்வோர் இசைத்தட்டையே மூலமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடியில் பிறந்து, இளமையைக் கொழும்பில் கழித்துச் சென்னைக்கு வந்தவர் சந்திரபாபு. 'தன அமராவதி' (1947) வழியாகத் திரைக்கு அறிமுகமானார். நடனம், நகைச்சுவை, மேனாட்டுப் பாங்கான பாட்டு மூன்றும் அவரிடம் ஒன்றாய்க் கலந்திருந்தன. 'யோடலிங்' எனப்படும் குரல்முறையைத் தமிழ்த் திரைக்கு உரியதாக்கியவர் அவரே. நெஞ்சுக்குரலிலிருந்து பொய்க்குரலுக்கும் மீண்டும் கீழுக்கும் விரைந்து தாவுவதே இம்முறை. ஆல்ப்ஸ் மலை இடையரின் அழைப்பொலியாக இருந்த அது, அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1927 முதல் வெளியிட்ட தட்டுகளால் உலகெங்கும் பரவியது. அதாவது, யோடலிங் உலகைச் சுற்றியதே இசைத்தட்டின் வழியாகத்தான்.

இத்தாவல்களில் சொல் இல்லை. தொல்காப்பிய இடையியல் இசைநிறையையும் அசைநிலையையும் இடைச்சொல் வகைகளாக ஏற்றுக்கொண்டது. தெம்மாங்கின் 'தன்னன்னா'வும் பெண்டிர் இடும் குலவையும் பொருளற்ற ஒலிகள் என்று ஒதுக்கப்படுவதில்லை. ஆயினும் பாட்டுப் புத்தகம் அச்சிட்டவர்கள் சந்திரபாபுவின் ஒலித்தொடர்களை எழுத்தில் வடிக்க முயலவில்லை. முயன்றிருந்தாலும் தமிழ் எழுத்து அதற்கு இடம் தந்திருக்குமா என்பது ஐயமே. குரல் உடையும் இடமும் உடைவின் விரைவும் கேட்டறிய வேண்டியவை.

அவர் பாடிய தட்டுகளின் காலம் ஏறத்தாழ 1950களின் தொடக்கம் முதல் 1960களின் நடுப்பகுதி வரை எனலாம். 'பெண்' (1954), 'புதையல்', 'மணமகன் தேவை' (இரண்டும் 1957), 'சகோதரி', 'மரகதம்' (இரண்டும் 1959), 'கவலை இல்லாத மனிதன்' (1960), 'குமார ராஜா' (1961), 'அன்னை' (1962) ஆகிய படங்களின் பாடல்கள் இவ்வரிசையில் முதன்மையானவை. இவற்றுள் 'பெண்' தனித்துக் கருதத்தக்கது. அதில் சந்திரபாபு பாடத் திரையில் வாயசைத்தவர் எஸ். பாலசந்தர். 'நடித்தவரே பாடினார்' என்ற நினைவைக் கொண்டு பட்டியலிடுபவர் இங்கே வழுக்கி விழுவார். தட்டின் நடுச்சீட்டில் அச்சான பெயரே சான்று.

அக்காலத் தட்டு அரக்கால் ஆனது. நிமிடத்திற்கு 78 சுற்று; பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல். இவ்வெல்லை பாடலின் வடிவத்தையே மாற்றியது. திரையில் நீளும் பாடல் தட்டில் சுருங்கும். அல்லது இரண்டு பக்கங்களாகப் பிரியும். ஆகவே ஒரே பாடலுக்குத் திரைவடிவம், தட்டுவடிவம், பாட்டுப் புத்தக வடிவம் என மூன்று சாட்சிகள் இருக்கக்கூடும். எது மூலம் என்ற வினாவிற்கு ஒரே விடை கிடையாது. யோடலிங்கைப் பொறுத்தவரை மட்டும் பாட்டுப் புத்தகத்தின் சாட்சியம் செல்லாது.

தட்டுகள் சென்னையில் மட்டும் தங்கவில்லை. விருத்தாசலம் போன்ற இருப்புப்பாதைச் சந்திப்பு ஊர்களுக்கு அவை சென்ற வழி ஒலிபெருக்கி வாடகைக் கடை. திருமணம், காதுகுத்து, பழமலைநாதர் கோயில் மாசிமகம் என்று எந்த நிகழ்விலும் தட்டு சுழன்றது. எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் வரிப்பள்ளத்தைத் தேய்த்தது. இதன் விளைவு சேகரிப்போருக்கு ஒரு முரணாக வந்து சேர்கிறது: மக்கள் பெரிதும் விரும்பிய பக்கம் இரைச்சலாகத் தேய்ந்திருக்கும், யாரும் கேட்காத மறுபக்கம் புதிதுபோல் இருக்கும். புகழ்பெற்ற பாடலின் நல்ல படியே அரிது.

அரக்குத் தட்டு என்று சொன்னாலும் அதில் அரக்கைவிடக் கற்பொடி போன்ற கனிமப் பொடியே மிகுதி. வெப்பத்தில் அழுத்தி வார்க்கப்பட்ட அதன் இயல்பு பீங்கானுக்கு நெருங்கியது, வளையாது, உடையும். விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களில் சூளையிலிருந்து எடுத்த கலத்தைத் தட்டி ஓசையால் கீறல் அறிவதுபோல, தட்டின் விளிம்பை விரலால் மெல்லத் தட்டியும் மயிரிழைப் பிளவை அறியலாம். நல்ல தட்டு கணீரென்னும். பிளந்தது மங்கி அதிரும். தூய்மை செய்யச் சாராயக் கலவை எதுவும் கூடாது, அரக்கு கரைந்துவிடும். மென்மையான சவர்க்காரம் சிறிதளவு கலந்த காய்ச்சி வடித்த நீரே போதும். நடுச்சீட்டில் ஈரம் படலாகாது. படுக்கையாக அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும்.

மறுவெளியீடுகள் 45 சுற்றுச் சிறுதட்டு, நெடுந்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு, எண்மக் கோப்பு என வளர்ந்தன. இவற்றை இழிவாகக் கருதும் சேகரிப்பாளர் மனப்பான்மை ஆய்வுக்கு உதவாது. நிறுவனக் காப்பிலிருந்த மூலத்திலிருந்து எடுத்த மறுவெளியீடு, தேய்ந்த முதல் வெளியீட்டைவிடத் தெளிவாக இருக்கக்கூடும். ஆனால் மூன்று இடங்களில் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, வேகம். 78இல் பதிந்ததை 82இல் சுழற்றிப் படியெடுத்தால் சுருதி ஏறத்தாழ ஒரு சுரத்தானம் உயர்ந்துவிடும். குரல் எந்தச் சுரத்தில் உடைகிறது என்ற ஆய்வே பொய்யாகும். இரண்டாவது, ஊசி. 78 சுற்றுத் தட்டின் பள்ளத்திற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனையுள்ள ஊசி தேவை. நெடுந்தட்டிற்குரிய 25 மைக்ரான் ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியையே படிக்கும். மூன்றாவது, இரைச்சல் நீக்கம். மென்பொருள் இரைச்சலோடு பொய்க்குரலின் காற்றொலியையும் துடைத்துவிடுகிறது. சந்திரபாபுவிடம் அக்காற்றொலியே நகைச்சுவைக்கும் துயரத்திற்கும் இடைப்பட்ட கோடு.

தொகுப்பாளர்கள் அப்பாடல்களை 'நகைச்சுவை' என்றும் 'தத்துவம்' என்றும் பிரித்து வைத்ததும் ஒருவகை உரையாசிரியப் பணிதான். கேட்பவர் எந்த மனநிலையில் கேட்க வேண்டும் என்பதைத் தொகுப்பின் தலைப்பே முன்கூட்டி முடிவு செய்கிறது. 'கவலை இல்லாத மனிதன்' படப் பாடலைச் சிரிப்புப் பாடல்களுக்கு நடுவில் கேட்பதும் கண்ணதாசனின் பிற பாடல்களுக்கு நடுவில் கேட்பதும் ஒன்றல்ல.

உரிமைநிலை ஆய்வாளருக்கு இப்போது பெரிதும் சாதகமாகியுள்ளது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டிற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1959இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2019 இறுதியோடு முடிந்தது. பாடல்வரிக்கும் இசையமைப்பிற்கும் கணக்கு வேறு; படைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டுகள். கண்ணதாசன் 1981இல் மறைந்ததால் அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை நீடிக்கும். 'புதையல்' படத்தில் சந்திரபாபுவுக்கு எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்களோ நாட்டுடைமையானவை. ஒரே பாடகரின் இரு தட்டுகளுக்கு இரு வேறு நிலை.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் பாதுகாத்து வருகிறது. வெளியூர்ப் பரண்களில் கிடப்பவை அவ்வாறு ஓரிடம் சேரும்போது, பாடலின் பெயரோடு பட்டியல் நின்றுவிடக் கூடாது. நடுச்சீட்டின் பட்டியல் எண், சீட்டை ஒட்டிய வெற்றுப்பரப்பில் பொறித்த அச்சுவார்ப்பு எண், இரு பக்கங்களின் தேய்மானம், படியெடுத்த வேகம், ஊசியின் அளவு ஆகியவற்றோடு தட்டு கிடைத்த ஊரும் குறிக்கப்பட வேண்டும். சுவடிக்கு அது கிடைத்த இடத்தைக் குறிப்பது நம் பதிப்பாசிரியர்கள் முன்பே கடைப்பிடித்த முறைதான்.